புழு உள்ள கத்திரிக்காய்

ஆய்வகத் தட்டுகளில் பூஞ்சை வெள்ளையாக, அமைதியாக வளர்ந்தது. எந்தப் புழுவையும் கொல்லவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன், கொல்கத்தாவின் டாக்குரியா ஏரிக்கரையில் கோமளம் அதைக் கண்டெடுத்தாள். இலையின் அடியில் ஒரு பூச்சி, பஞ்சு போர்த்தியதுபோல், செத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஆய்வக உதவியாளராக இருந்த பதினெட்டு வருடங்களில் அவளே கண்டுபிடித்தது அது ஒன்றுதான். பயிர்ப் பூச்சிகளுக்கு மருந்தாகும் என்றார்கள். குழாயிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து குழாய்க்கு மாற்றி மாற்றி வளர்த்தாள். ஊட்டி வளர்த்ததில் அது வேட்டையை மறந்திருந்தது.

"ஃப்ரிட்ஜ்ல இடமில்லம்மா. செத்ததுக்கு எதுக்கு இடம்?" என்றார் ஆய்வகத் தலைவர் தியாகராஜன்.

"அது சாகல சார். சாகடிக்க மாட்டேங்குது, அவ்வளவுதான்."

அவர் சிரித்துவிட்டார். "பத்து நாள் தரேன். அப்புறம் கொதிக்க வெச்சுக் கொட்டிடுங்க."

உயிருள்ள புழுவுக்குள் ஒருமுறை போய் வந்தால் பழைய வீரியம் திரும்பலாம். ஆய்வகத்தில் புழுக்கள் தீர்ந்திருந்தன. பெஹாலா சந்தையில், வழக்கமான காய்க்காரரிடம் புழு உள்ள கத்திரிக்காய் வேண்டுமென்று வங்காள மொழியில் கேட்டாள்.

"என் கடையில புழுவா? யாரு சொன்னது பௌதி?" அண்ணி என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டைக்கு வந்தார்.

"யாரும் சொல்லல தாதா," என்று அவளும் அண்ணன் முறை வைத்தாள். "புழு இருக்கிறதா பார்த்துக் குடுங்க."

பக்கத்து மீன்காரி வெட்டுவதை நிறுத்தினாள். "விருந்துக்கு மாமியார் வர்றாங்களா?"

காய்க்காரர் முறைத்தபடி கழிவுக் கூடையைக் காலால் தள்ளினார்.

பன்னிரண்டு புழுக்கள் கிடைத்தன. இளஞ்சிவப்பு. பூஞ்சை கரைத்த நீரில் நனைத்து, கத்திரிக்காய்த் துண்டுகளோடு கிண்ணங்களில் விட்டாள். மதியங்களில் மழை. ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் நீருக்கடியில் போவதுபோல் போயின. கிண்ணங்களின் முன் உட்கார்ந்திருந்தாள். தூங்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெண்துகள் புழுவின் தோலில் இறங்கி, மெதுவாகக் கதவு தேடியது. கதவு திறப்பதற்குள் மழை நின்றுவிடும்.

ஐந்தாம் நாள் மூன்று புழுக்கள் கறுத்து அழுகின. அது வேறு ஏதோ நோய். மற்றவை காயைத் துளைத்துக்கொண்டே இருந்தன. ஏழாம் நாள் ஒன்று அசையவில்லை, குச்சியாக விறைத்திருந்தது. ஈரத்தாளில் தனியே வைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலை அதன் முதுகில் வெள்ளை. ஏரிக்கரையில் பார்த்த அதே வெள்ளை.

தியாகராஜன் குனிந்து பார்த்தார். "பன்னெண்டுல ஒண்ணுதானே?"

"ஒண்ணு போதும் சார். அடுத்த புழுக்கள்ல பாருங்க."

ஊசிமுனையால் தொட்டெடுத்துப் புதுக் குழாயில் வைத்தாள். பழைய குழாய்களை அவளே கொதிக்க வைத்தாள்.

மாலை, காய்க்காரர் ஒரு பொட்டலத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"எல்லாமே சொத்தை பௌதி," என்றார், பெருமையாக.