மாதங்கியின் டைட்டில்

கொல்கத்தாவில் குடும்பப் பெயரை ‘டைட்டில்’ என்பார்கள். ரேஷன் கடையிலிருந்து ரத்தப் பரிசோதனைக் கூடம் வரை அதைக் கேட்காமல் பேனா நகராது. அந்த ஊரின் டாக்குரியா பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மாதங்கி, ஐம்பத்திரண்டு வயதிலும் அந்தக் கேள்விக்கு ஒரு நொடி தயங்குவாள். பட்டச் சான்றிதழில் அவள் மாதங்கி வெங்கடநாராயணன். அது அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் மாதங்கி பத்மநாபன்; அது கணவர் பெயர்.

பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பியவர் பத்மநாபன்தான். “குடும்பப் பேரு கேக்கறான். நமக்கேது? என் பேரைப் போட்டுடறேன், சும்மாதானே கிடக்கு” என்று சிரித்தபடி ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினார். கொழும்புக்குப் போய்வரலாம் என்று எடுத்தது. போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மாதங்கி கட்டடப் பொறியாளர். ராஷ்பிஹாரி அவென்யூவில் நாற்பது பேர் வேலை செய்யும் ஆலோசனை நிறுவனத்தில் இருபத்தாறு வருடம் ஆயிற்று. எட்டு வருடமாக மஸ்கட்டில் எழும் கட்டடங்களுக்கு இங்கிருந்துதான் வரைபடம் போகிறது. தூணின் கனம், கம்பியின் அளவு எல்லாம் அவள் முடிவு. கையெழுத்து மட்டும் அங்கே யாரோ ஒருவருடையது.

மஸ்கட்டில் சொந்தக் கிளை திறப்பது என்று முடிவானதும் முதலாளி அனிமேஷ் அவளைக் கூப்பிட்டார். அங்கே பெயரோடு ஒட்டும் ‘தி’ அக்கா, ‘தா’ அண்ணா. “மாதங்கி-தி, அந்த ஊர்ல பதிவு பண்ணின பொறியாளர் ஒருத்தர் நம்மகிட்ட இருக்கணும். நீங்க போறீங்களா?”

“போறேன்” என்றாள், அவர் முடிக்கும் முன்பே. இன்னமும் சாயங்காலம் இரண்டு பேருக்கு டிகாக்ஷன் போட்டு, பாதியைத் தொட்டியில் கொட்டுகிறவள் அவள். அந்த வீட்டைவிட்டு வெளியேற அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

பதிவுக்காக மஸ்கட்டுக்கு அனுப்பிய காகிதங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. பட்டத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். இரண்டும் ஒருத்திதான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கி அனுப்பியதும் திரும்பி வந்தது.

“முப்பது வருஷத்துப் பட்டத்தை யார் மாத்துவாங்க? பாஸ்போர்ட்னா ஒரே மாசம்” என்றார் அனிமேஷ். “அப்பா டைட்டிலைப் போட்டுடுங்க. எந்த டைட்டில் போட்டாலும் ஆள் நீங்கதானே!”

“இது டைட்டில் இல்ல, அனிமேஷ்-தா. அவரோட பேரு.”

அவருக்கு விளங்கவில்லை. அவர் டைட்டில் ஏழு தலைமுறையாக நூறு பேர் பங்குபோட்டுச் சுமப்பது. அவளுடையதில் இருந்தது ஒரே ஓர் ஆள்.

புனேயிலிருந்து மகள் சுபிக்ஷா போனில் சொன்னாள்: “அம்மா, அப்பா இருந்தா அவரே அழிச்சுட்டு எழுதிக் குடுப்பார். நீ போ.”

இந்த முறை படிவத்தை மாதங்கியே நிரப்பினாள். மூன்று வாரத்தில் தபாலில் புதியது வந்தது. கூடவே பழையதும் வந்தது, ரத்து முத்திரையோடு, ஓரத்தைக் கத்தரித்து.

மறுநாள் புதியதை எடுத்துப்போய் மேசையில் வைத்தபோது அனிமேஷ் அதைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஸ்கட் நிறுவனம் ஒன்று கூட்டுச் சேர முன்வந்திருக்கிறதாம். அவர்களிடமே பதிவு பெற்ற பொறியாளர் இருக்கிறாராம்.

“நேத்துதான் முடிவாச்சு, தி. நீங்க எப்பவும் போல இங்கேருந்தே வரைஞ்சா போதும். உங்களுக்கு அலைச்சல் மிச்சம், பாருங்க.”

“சரி” என்று அவள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள். அன்று மாலையும் டிகாக்ஷன் இரண்டு பேருக்கே இறங்கியது.

அடுத்த வாரம், கூட்டு நிறுவனத்தின் பெயரோடு எல்லோருக்கும் புது விசிட்டிங் கார்டு அடிக்க, வரவேற்பில் இருக்கும் ரஞ்சனா பட்டியலோடு மேசை மேசையாக வந்தாள்.

“தி, உங்க டைட்டில்?”

“பத்மநாபன்.”

“உங்க புது பாஸ்போர்ட்ல வேற இருக்கே?”

“அது மஸ்கட் போறவளோட பேரு. நான்தான் போகலியே.”

ரஞ்சனாவுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை. மாதங்கி மெதுவாக, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, கடைசி எழுத்துவரை சொன்னாள்.