நாலு இறாத்தல் பாணும் ஒரு முறைத் தண்ணீரும்

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் எங்களுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் காணியில்லாமல் வந்தவர்கள்தான் அங்கே எல்லோரும். நாலு போகம் விளைந்ததும் எங்களில் சிலருக்குத் தர்மம் செய்யும் ஆசை வந்துவிட்டது. பெண்கள் கூடி ஒரு மாதர் சங்கம் தொடங்கினோம். நானும் அதில் ஒருத்தி. ஆகவே இங்கே நான் யாரை ஏசினாலும் அதில் எனக்கும் பங்குண்டு.

ஒரு சிறுபோகத்தில் எங்கள் மேல் வயல்காரர் மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டார். புண் சீழ் வைத்து, முழங்கால்வரை வீங்கி, ஆள் பாயோடு கிடந்தார். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்கே ஆறு வயதுதான். சிறுபோகத்துக்கு மழை இல்லை, குளத்துத் தண்ணீர்தான். ஒவ்வொரு வயலுக்கும் கிழமைக்கு ஒரு நாள் காலையில் தண்ணீர் முறை. அந்த நேரம் ஆள் நின்று வாய்க்காலை மறித்துத் தன் வயலுக்குத் திருப்பவேண்டும். திருப்பாவிட்டால் தண்ணீர் கீழ் வயலுக்குப் போய்விடும். அவருடைய மனைவி ஒரு முறை மண்வெட்டியோடு போனாள். "வாய்க்காலிலை பொம்பிளையளுக்கு என்ன வேலை?" என்று ஆண்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. இன்னும் இரண்டு முறை தவறினால் கதிர் முழுவதும் மணி பிடிக்காத சப்பிதான்.

இந்த நேரத்தில்தான் சங்கம் நோயாளியைப் பார்க்கப் புறப்பட்டது. ஒன்பது பேர். பேக்கரியில் சுட்ட நாலு இறாத்தல் பாண், ஒரு பெட்டி விசுக்கோத்து, ஆறு தோடம்பழம். எல்லோரும் நல்ல சேலை உடுத்திருந்தோம். ஒன்பது பேரையும் இருத்த அந்த வீட்டில் கதிரை இல்லை. ஒன்பது பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்ற, அவள் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிச் சீனி எடுத்தாள். நாங்கள் கொண்டுபோன விசுக்கோத்தில் பாதியை நாங்களே கடித்தோம். சங்கத் தலைவி, ஒரு பெரிய கடைக்காரரின் மனைவி, மூன்று துண்டு தின்றாள்.

எழும்பும்போது அந்தப் பெண் என் பக்கம் வந்தாள்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பாண் நாளைக்கு முடிஞ்சிடும். உங்கட ஆம்பிளையளிலை ஆரும் ஒராள் செவ்வாய்க்கிழமை காலமை ஒருக்கா வந்து எங்கட வயலுக்குத் தண்ணியைத் திருப்பி விட்டால் காணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

எனக்கு முன்னே தலைவி பதில் சொன்னாள். "அது ஆம்பிளையளின்ர அலுவல், பிள்ளை. நாங்கள் உங்களைப் பாக்கத்தானே வந்தனாங்கள்."

வீதிக்கு ஏறியதும் ஒருத்தி, "இருக்க இடம் குடுத்தால் படுக்கப் பாய் கேக்கிற கதை," என்றாள். தலைவி, "தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாது எண்டு சும்மாவா சொன்னவை?" என்றாள். அந்தப் பழமொழியை மாடு கொடுத்தவன்தான் உண்டாக்கியிருப்பான். மாட்டை வாங்கியவனிடம் கேட்டிருந்தால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பான்.

எவ்வளவு சின்ன உதவி அது. ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை நாள். அவளே வாய்திறந்து கேட்டும்விட்டாள். நாங்கள் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமம்கூட இல்லை. ஆனால் பாணைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்க வீதியால் போகலாம். வாய்க்காலில் விட்ட தண்ணீரை யார் விட்டது என்று யாருக்குத் தெரியும்? எங்களுக்கு வேண்டியது அவளுடைய பசி தீர்வதல்ல, எங்களுடைய ஊர்வலம்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் சோற்றைப் பிசைந்தபடி, "அந்தத் தண்ணி எங்க போகுதெண்டு உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டார்.

தெரியும். அவர்களுக்குக் கீழ் வயல் எங்களுடையது. அவர்கள் திருப்பாத ஒவ்வொரு முறையும் அவர்களுடைய தண்ணீர் எங்கள் வயலில்தான் நின்றது. எங்கள் நெல் கரும்பச்சையாக நின்றதைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டும் இருந்தேன். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கருவாட்டுக் குழம்பு வைத்து, ஒரு சட்டியில் அவர்களுக்கும் கொடுத்தனுப்பினேன். அடுத்த செவ்வாயும் அப்படியே. இப்போது நினைத்தாலும் என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அறுவடையில் எங்களுக்கு என்றுமில்லாத விளைச்சல். அவர்கள் வயலில் வைக்கோல்தான் மிஞ்சியது. இவருக்கு இரக்கம் வந்தது. ஒரு மூடை நெல்லை வண்டியில் ஏற்றி என்னையும் கூட அனுப்பினார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் அதையும் மிஞ்சிவிட்டோம். பிள்ளையாரின் தேங்காயையே திருடி அவருக்கு உடைக்கப் போனோம்.

அவள் மூடையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உங்கட வயல் நெல்லோ, அக்கா?"

"ஓம்."

"கொண்டு போங்கோ எண்டு சொல்லத்தான் மனம் சொல்லுது. பிள்ளையள் மூண்டு. அந்த மூலையிலை இறக்கச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் இவரிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை."