குறுக்கே என்று எழுதப்போய்

1. செவ்வாய்க்கிழமை காலை சூசையின் தோணி நங்கூரம் பாறையில் சிக்கி நகராமல் நின்றது.
2. பின்னால் வந்த எங்கள் கம்பெனிப் படகு ஒரு மணி நேரம் ஜெட்டியை நெருங்க முடியவில்லை.
3. தாமத அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதியவள் நான்.
4. வெள்ளிக்கிழமை துறைமுக அலுவலகம் தோணியின் பயண அனுமதியை நிறுத்தியது.

இலங்கை மலையில் இருக்கும் உங்களுக்கு இது விளங்கும். தோணி குறுக்கே நின்றது என்பதற்கு ‘அப்ஸ்ட்ரக்டிவ்லி’ நின்றது என்று எழுதியிருந்தேன். நம் தேயிலைத் தொழிற்சாலையில் வாசலை மறித்து நிற்கும் லாரியைப் பற்றிப் பதிவேட்டில் அப்படித்தானே எழுதுவோம்? லாரிக்கு மனசு இல்லை. யாரும் கேள்வி கேட்டதில்லை. இங்கே தூத்துக்குடியில் அகராதியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்: வேண்டுமென்றே தடுக்கும் விதத்தில்.

சூசை அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அந்தத் தோணியை ஓட்டும் தண்டல் அவர்.

“எம்மா, நான் வேணும்னா மறிச்சேன்? நங்கூரம் சிக்குனத நீயும் நின்னு பாத்தேல்லா?”

“குறுக்கால நின்னுச்சுன்னுதான் எழுதினேன், அண்ணே.”

“பொறவு காயிதம் ஏன் வேற சொல்லுது? சிலோன் இங்கிலீசுல குறுக்கன்னா குத்தமா?”

மேனேஜர் சமாதானம் சொன்னார். “ஒரு மாசத்துல அவங்களே விட்ருவாங்க, போங்க.”

“மாசமா அண்ணாச்சி? கச்சான் காத்து எடுத்துட்டுன்னா கடல்ல எறங்க முடியாது, இந்த வருசம் தோணி கரைக்குக் காவல்தான். என் ஆளுவ ஒம்பது பேரும் மணலையா திங்க?”

அவர் போனதும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “இங்கிலீஷ் தெரிஞ்ச பிள்ளைன்னு சொல்லித்தான் உன்னை எடுத்தேன். திருத்தம் கிருத்தம்னு கிளம்பிராத.”

ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, ராமேஸ்வரத்தில் கப்பலை விட்டு இறங்கி ஒரு வருடம் ஆகிறது. அங்கே பிறந்த நம்மை இந்தியாக்காரர் என்றார்கள். இங்கே நான் சிலோன்காரி. டிப்ளமாவை இந்த ஊரில் மதித்த ஒரே இடம் இந்த அலுவலகம். இதை விட்டால் தாயகம் திரும்பியோர் முகாம். முகாமும் வேண்டாமென்று திரும்பிவர, எனக்குக் கொடுத்த தாள்களில் வழியில்லை. இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எந்தப் பக்கமும் கதவு இல்லை.

திங்கட்கிழமை திருத்தத்தை எழுதினேன்: சொல் என்னுடையது, பிழையும் என்னுடையது, தோணியை யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை, அது சிக்கிக்கொண்டது. துறைமுக அலுவலகத்தில் நானே கொடுத்துவிட்டு வந்தேன்.

“எனக்கே குறுக்க நிக்கியா?” என்றார் மேனேஜர்.

“ஆமா சார். வேணும்னேதான். இதுக்குத்தான் அந்த வார்த்தை.”



இன்றைய நிலைமை இது. திருத்தம் துறைமுக அலுவலக மேசையில் இருக்கிறது. தோணியை இன்னும் விடவில்லை. மாதக் கடைசியோடு என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர். தோணியை விட்டால் சூசை நேராகக் கொழும்புக்குப் போவார். அந்தக் கரையில் இறங்க எனக்கு அனுமதி இல்லை.