விக்டோரியா வீட்டு ஒரு மணி நேரம்

விக்டோரியாவை எங்கள் தெருவில் யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காமல்தான் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெரு எங்களுடையது. வீடுகளுக்குப் பின்னாலேயே பழைய இரும்பு யார்டு. எளாவூர்ப் பக்கமிருந்து லாரிகள் கொண்டுவந்து கொட்டும் இரும்பை ஒரு பிரஸ் மிஷின் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை நசுக்கிக்கொண்டே இருக்கும். தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிழைப்பு. மீதிப் பேர் அங்கே வேலை செய்பவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர்கள். என் மாடியிலும் ஆறு பேர் இருக்கிறார்கள். இந்தத் தெருவில் ஒருத்தி யார்டுக்கு எதிராக மனு எழுதிக்கொண்டு கையெழுத்து கேட்டு வந்தால் எவன் போடுவான்? நானும் போடவில்லை. கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அவள் யார்டை மூடச் சொல்லவில்லை. காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரைக்கும் அந்தப் பிரஸ்ஸை மட்டும் நிறுத்துங்கள், என் புருஷன் தூங்கட்டும் என்றாள். அவ்வளவுதான். அவள் புருஷன் இம்மானுவேலுக்குக் கம்பி மில்லில் எப்போதும் நைட் ஷிப்ட். பழுக்கக் காய்ந்து சீறி வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. தை மாதத்தில் ஒரு நாள் நின்றபடியே கண் செருகிவிட்டது. கம்பி தொடையை உரசிக்கொண்டு போய், பேண்ட் கருகி, பதினெட்டு நாள் படுத்திருந்தார்.

"பகல்ல தூங்காத மனுசன் ராத்திரி எப்டிக்கா நிப்பாரு? அடுத்த தடவ தொடையோட போவாது," என்றாள் கதவிடுக்கில். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று நான் உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவள் விடவில்லை. திருவள்ளூர் மாசுக்கட்டுப்பாட்டு ஆபீஸில் புகார் கொடுத்தாள். வாய்ப் பேச்சு எடுபடாது, ஒரு மணி நேரம் விடாமல் பதிவு செய்து பென்டிரைவில் கொண்டு வா என்று அங்கிருந்த மேடம் சொல்லிவிட்டார். போனில் எடுத்தால் பத்து நிமிஷத்துக்குள் எவனாவது கூப்பிட்டுக் கெடுப்பான். வீட்டில் மகள் ஷைனிக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் எடுப்பது என்று முடிவு செய்தாள். பதிவு செய்ய ஒரு சாப்ட்வேர் வேண்டும். காசு கொடுத்து வாங்க வழியில்லை. தெருவில் யாரிடமாவது கேட்கலாமே என்றால், கையெழுத்துப் போடாதவன் வாசலை மிதிக்க மாட்டாளாம். அவ்வளவு வீம்பு. நெட்டில் இலவசமாகக் கிடைப்பதை இறக்கிப் பார்த்தாள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். கம்ப்யூட்டரில் வருகிற தானத்தைப் பல்லைப் பிடித்து மட்டுமல்ல, வாலைத் தூக்கியும் பார்க்க வேண்டும். முதலில் இறக்கியது பத்து நிமிஷம் ஓடிவிட்டு, கார்டு நம்பரைக் கொடு என்று நின்றது. இரண்டாவது ஒழுங்காக ஓடியது, ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நடுவில் ஒரு வெள்ளைக்காரி புகுந்து என்னைக் காசு கொடுத்து வாங்கு என்று பேசினாள். மூன்றாவது நிஜமாகவே இலவசம். அழுமூஞ்சியாட்டம் சாம்பல் நிறத் திரை, ஏகப்பட்ட பட்டன், பிரஸ் விழும்போதெல்லாம் கோடு சிவப்பாகித் திரையை முட்டியது. சிவப்பு வந்தால் பதிவு கெடுகிறது என்று நினைத்து அதை எடுத்துப் போட்டுவிட்டாள். சத்தம் அளவுக்கு மீறியது என்று உண்மை சொன்னது அது ஒன்றுதான். உண்மை சொல்கிறவனை எங்கள் தெருவில் வைத்துக்கொள்வதில்லை, அவள் கம்ப்யூட்டரிலும் அதே கதி.

நாலாவது தமிழில் பேசியது. பெரிய வட்டப் பட்டன் ஒன்று, பச்சைக் கோடு, "தெளிவான பதிவு" என்று டிக் அடித்தே வந்தது. அதில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை, மைக்கைக் கட்டில் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தாள். அன்றைக்கே மூன்று முறை போட்டுக் கேட்டாள். யார்டு சத்தம் அப்படியே இருந்தது.

ஆபீஸுக்குப் போகும் நாளில் மறுபடியும் என் வாசலில் நின்றாள். "கையெழுத்து வேணாம்க்கா. கூட மட்டும் வா. தனியா போனா நாயாட்டம் தொரத்துறாங்க." வெட்கமாக இருந்தது. போனேன்.

யார்டு மேனேஜர் ராஜமாணிக்கத்தையும் அன்று வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கு நாற்காலி, எங்களுக்குச் சுவர். ஜன்னல் சாத்திய ஏசி ரூம். தாள் புரட்டினால் கேட்கும். மேடம் பென்டிரைவைச் செருகிப் போட்டார். ஒன்றும் வரவில்லை. சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் இல்லை. இரண்டு நிமிஷம் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தோம்.

"கோயிலாட்டம் இருக்குதே மேடம்," என்றார் ராஜமாணிக்கம். "இதுக்கா என்னிய வேலைய வுட்டு வரச் சொன்னீங்க? வெறும் பேஜாரு புடிச்ச பொம்பள. எனக்கு இதுல ஒரு காப்பி குடுங்க, யார்டுல மாட்டி வெக்கிறேன்."

மேடம் ஃபைலின் பெயரைப் பார்த்தார். "இந்த சாப்ட்வேர் பின்னாடி இருக்கிற இரைச்சலத் தானா எடுத்துடும்மா. மனுஷக் குரலை மட்டும்தான் வைக்கும். நீ போட்டுப் பாக்கலியா?"

"மூணு வாட்டி பாத்தேன் மேடம். கேட்டுச்சே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போட்டுக் கேட்டபோதெல்லாம் பின்னால் பிரஸ் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் தெருவில் எதைப் போட்டாலும் அதோடு சேர்ந்து யார்டும் கேட்கும்.

"பதிவுல இல்லாதத நான் எப்படிம்மா எழுதறது?" மேடம் புகார் ஃபைலைக் கட்ட நாடாவை எடுத்தார். பதிவை நிறுத்த மறந்துவிட்டார்.

"தண்ணி வேணுமா" என்று ஸ்பீக்கர் அலறியது. மேடம் திடுக்கிட்டுக் காதைப் பொத்தினார். "இன்னா" என்று ஓர் ஆண் குரல், அதைவிடப் பெரிதாக. "தண்ணி, தண்ணி வேணுமான்னேன்." "வேணாம். நீ படு." பிறகு மறுபடியும் அமைதி.

ராஜமாணிக்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பாருங்க மேடம். ஊட்ல புருசனோட சண்ட. பழிய எங்க மேல போடுது."

"சண்டையாம்மா?"

"சண்ட இல்ல மேடம்." விக்டோரியா கையை நீட்டிக் காட்டினாள். "அவரு இந்தக் கட்டில்ல, நான் இந்தக் கட்டில்ல. நடுவுல இவ்ளோதான் எடம். கத்தாங்காட்டி கேக்காது."

மேடம் பதிவைப் பின்னால் தள்ளி அந்த இடத்தை மறுபடி போட்டார். அந்த அமைதிக்குள் புருஷனும் பெண்டாட்டியும் தண்ணீருக்காகக் கத்தினார்கள். மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பக்கத்து ஊடு."

"அங்கயும் இப்படித்தானா?"

"யோசிச்சு சொல்லும்மா," என்றார் ராஜமாணிக்கம் என்னைப் பார்க்காமலே. "மேல குடியிருக்கிறது யாரு ஆளுங்கன்னு தெரியுமில்ல?"

தெரியும். ஆறு பேரும் அடுத்த மாதமே காலி செய்வார்கள் என்றும் தெரியும். அந்த ஆள் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே வந்தது.

"என் சின்னவனுக்கு ஒண்ணரை வயசு மேடம்," என்றேன். "பகல்ல அவனத் தூங்க வெக்கிற பாட்டக்கூட நான் கத்திதான் பாடறேன்."

மேடம் நாடாவைக் கீழே வைத்துவிட்டு, என் பெயரைக் கேட்டு எழுதினார்.