பெண் குரலுக்கு ஆறு படி

ஜெயபிரகாஷ் என்னிடம் முதலில் வந்தது ஒரு பாஸ் விண்ணப்பத்தோடு. கொல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம் அது. ஊழியர்களின் விடுப்பு, பாஸ், மருத்துவப் பரிசோதனைத் தேதி எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். கிரீஸ் கறை படிந்த சட்டையோடு வந்து நின்றவர், மேசைமேல் இருந்த என் பெயரைப் படித்துவிட்டு, கையிலிருந்த பாரத்தை மறந்துவிட்டார்.

"தமிழா? எந்த ஊருப்பா?"

"விருத்தாசலம் பக்கம் சார், ஒரு கிராமம்."

"சார் எல்லாம் வேணாம், அண்ணான்னு சொல்லு. நான் பொறந்தது கரக்பூர். எங்க தாத்தா ஜோலார்பேட்டைல இருந்து ரயில் வேலைக்கு வந்தவரு. நீ டிகிரியா?"

"பி.எஸ்சி. ஃபிசிக்ஸ்."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யார் படிப்பைக் கேட்டாலும் பாடத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

"அப்ப கம்ப்யூட்டர் தெரியும்" என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். "ஞாயித்துக்கிழமை குவார்ட்டர்ஸுக்கு வா. பாட்டுல ஒரு வேலை இருக்கு. சாப்பாடு எங்க வீட்டுல."

சாப்பாடு என்றதும் போனேன்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. யார்டில் பெட்டிகளைச் சோதிக்கும் டெக்னீஷியன். வண்டி உள்ளே வரும்போது தண்டவாளத்தின் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சக்கரமாகப் பார்ப்பதும் கேட்பதும் வேலை. சக்கரம் ஓரிடத்தில் தேய்ந்து தட்டையாகியிருந்தால் 'தட் தட்' என்று அடிக்கும். எத்தனையாவது பெட்டி, எந்தப் பக்கம் என்று வண்டி நிற்கும் முன்பே சொல்லிவிடுவார். யார்டில் எல்லோருக்கும் அவர் 'ஜேபிதா', அதாவது வங்காளிகள் வாயில் ஜேபி அண்ணன். ஜேபிதா காது என்றால் அங்கே பெரிய மரியாதை. எனக்கு அவரைப் பற்றிச் சொன்ன நான்கு பேரும் முதலில் சொன்னது அந்தக் காதைத்தான். ரயில்வேக்கு வருவதற்கு முன்னால் ஹவுராவில் ஒரு தகரப் பட்டறையில் ஆறு வருடம் சுத்தியல் பிடித்தவர் என்பதை யாரும் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாட்டு வேலை இதுதான். பழைய கேசட்டிலிருந்து மாற்றியது, நண்பர்கள் அனுப்பியது, எங்கெங்கோ இறக்கியது என்று அறுநூற்று நாற்பது பாட்டுகள் ஒரு பென்டிரைவில் இருந்தன. ஒன்று முணுமுணுக்கும், அடுத்தது கத்தும் என்றார். பெஹாலாவில் வாடகைக்கு ஹால் எடுத்துத் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்கு வருடா வருடம் பாட்டு போடுவது ஜெயபிரகாஷ்தான். முந்தைய வருடம் ஒரு மெல்லிய பாட்டைத் தொடர்ந்து தவில் திடீரென்று இடித்ததில், பரிமாறிக்கொண்டிருந்தவர் சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்டாராம்.

"வீட்லயும் அதே கதைதான்" என்றார் அவர் மனைவி விஜயலட்சுமி. "ரிமோட்ட கீழயே வைக்க மாட்டாரு. ஒரு பாட்டுக்கு ஏத்து, அடுத்த பாட்டுக்கு எறக்கு."

"தூர் பாபா! நான் ரூம்ல உட்கார்ந்து படிக்கவே முடியல அண்ணா" என்றாள் மகள் ஸ்னேகா. பன்னிரண்டாம் வகுப்பு. தமிழை நான்கு வார்த்தை பேசினால் ஐந்தாவது வங்காளியில் வந்துவிடும் பெண்.

எனக்கு இது சின்ன வேலையாகத் தோன்றியது. பாட்டுகளின் ஒலியளவை அளந்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு படி என்றால் ஒன்றரை டெசிபல். ஏற்ற வேண்டியதை ஏற்றும், இறக்க வேண்டியதை இறக்கும். ஒரு பொத்தானை அழுத்திவிட்டுச் சாப்பிட உட்காரலாம் என்றேன்.

ஜெயபிரகாஷ் ஒத்துக்கொள்ளவில்லை.

"மெஷின் அளக்கும், சரி. கேக்குமா? அதுக்கு காது இருக்கா?"

"அளவுதானேண்ணா முக்கியம்?"

"பாட்டு கேக்கறவன் மனுஷன். அப்ப மனுஷன் காதுதான் அளவு. நான் கேட்டு சொல்றேன், நீ படிய மட்டும் தட்டு."

அப்படித்தான் அக்டோபரிலிருந்து பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு நிமிடம் கேட்பார். பிறகு விரலைக் காட்டுவார். மூன்று விரல் மேலே பார்த்தால் மூன்று படி ஏற்ற வேண்டும், ஒரு விரல் கீழே பார்த்தால் ஒன்று இறக்க வேண்டும். விஜயலட்சுமி அண்ணி கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொள்வார். நான் மடிக்கணினியில் தட்டுவேன். அவர் கேட்டதை நான் ஒருநாளும் வாங்கிக் கேட்கவில்லை. பாதிக் கவனம் சமையலறைப் பக்கம் இருக்கும். சில பாட்டுகளுக்கு மென்பொருள் சிவப்பு எழுத்தில் எச்சரித்தது. இவ்வளவு ஏற்றினால் குரல் உடையும் என்று அர்த்தம். சொன்னேன்.

"காட்டட்டும். அதுக்கு காதில்ல, கண்ணாவது செவக்கட்டும்" என்றார்.

டிசம்பரில் ஒருநாள் தேநீரோடு ஜன்னல் பக்கம் நின்றோம். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஜீல் ஏரி. குளிர்காலம் முழுக்க அதில் நீர்ப்பறவைகள் வந்து அடைந்திருக்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மெல்லிய விசில் அடிப்பதுபோல இருக்கும் அந்தச் சத்தம்.

"இந்த வருஷம் பறவை கம்மி போல. சத்தமே காணோம்" என்றார் ஜெயபிரகாஷ்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன்.

"ஏன், அதுங்களுக்கும் ரெண்டு படி ஏத்தி விடுங்களேன்" என்றார் அண்ணி.

பொங்கல் விழா ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. பென்டிரைவை ஹால்காரரின் பெட்டியில் செருகிவிட்டு, ஜெயபிரகாஷ் சலவைச் சட்டையோடு ஒலிபெருக்கி அருகில் நின்றார். முதல் பாட்டு ஓர் ஆண் குரல். அது பாட்டுக்கு ஓடியது, ஜனங்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டில் வயலின் எடுத்த எடுப்பில் ஹாலே திரும்பியது. பாடகி வாயைத் திறந்ததும் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. குரல் உச்சியில் கரகரவென்று உடைந்தது. மூன்றாவது மறுபடி ஆண் குரல், அமைதி. நான்காவது புல்லாங்குழல். முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

விழாத் தலைவர் லக்ஷ்மிநாராயணன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன ஓய் ஜெயபிரகாஷ், பாடகிகள் எல்லாம் உமக்குச் சொந்தமா? ஆம்பளை பாடினா அடக்கம், பொம்பளை பாடினா முழக்கம்!"

"இருக்கட்டும் சார்" என்றார் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த கவிதா. "ஒரு எடத்துலயாவது எங்க குரல் ஓங்கட்டும்."

"வீட்ல நான் நாலு தரம் கூப்ட்டாலும் காதுல விழாது" என்றார் அண்ணி. "பாட்டுக்காரிக்குன்னா மட்டும் அப்படி ஒரு கவனிப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு லக்ஷ்மிநாராயணனே பெட்டியருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு திருகிக்கொண்டிருந்தார். ஜெயபிரகாஷ் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சரியாத்தானே தம்பி இருக்கு? எல்லாம் ஒரே மாதிரிதானே கேக்குது?"

அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

அறைக்குத் திரும்பியதும் நோட்டில் இருந்த எண்களைக் கணினியில் வரிசைப்படுத்தினேன். ஆண் குரல்கள் பூஜ்யம், ஒன்று, சில இறக்கம். பெண் குரல்கள் ஐந்து, ஆறு. வயலின் ஆறு, புல்லாங்குழல் ஏழு. நாங்கள் தொடுவதற்கு முன்பிருந்த மூலப் பாட்டுகளை மென்பொருளில் போட்டு அளந்தேன். பெரும்பாலானவை ஏற்கெனவே இரண்டு படி வித்தியாசத்துக்குள்தான் இருந்தன. ஸ்தாயி ஏற ஏற அவர் விரல்களும் கூடியிருந்தன. ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். நேராக ஏறியது. சத்தம் உச்சத்துக்குப் போகப் போக அவருக்குக் கேட்பது குறைந்திருந்தது. பதினான்கு ஞாயிறாக நான் தட்டிக்கொண்டிருந்தது ஜெயபிரகாஷ் காதின் அளவை.

மறுநாள் அலுவலகத்தில் அவருடைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு இருபத்திரண்டு மாதம் இருந்தது. அதுவரை அவர் காதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. சக்கரம் அடிக்கும் கனத்த சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வண்டி நின்ற பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. பெட்டிக்குப் பெட்டி போகும் பிரேக் குழாயில் காற்று கசிகிறதா என்று நடந்துகொண்டே கேட்க வேண்டும். அழுத்தம் குறைவதைக் கருவி காட்டும். எந்த இணைப்பில் கசிகிறது என்பதைக் காதுதான் கண்டுபிடிக்கும். அந்த 'உஸ்' சத்தம் புல்லாங்குழலைவிட உச்சத்தில் இருக்கும், அதைவிட மெல்லியதும்கூட.

செவ்வாய்க்கிழமை யார்டு வாசலில் இருந்த தேநீர்க் கடையில் அவரிடம் தாளைக் காட்டிச் சொன்னேன். முழுதும் கேட்டார். பாதி கேட்டாரோ என்னவோ, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கா காது கேக்கல?" என்றார். "யார்ட்ல போய் எவனையாவது கேளு. இருபத்திமூணு வருஷமா வண்டிய சோதிச்சு விடறேன். நீ படிச்சவன், காகிதத்த பாக்கற. நான் வண்டிய பாக்கறேன்."

"காகிதத்துல இருக்கறது நீங்க சொன்ன நம்பர்தாண்ணா."

அவர் மண் குவளையைக் கீழே போட்டு உடைத்தார். அங்கே எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள், ஆனால் அது வேறு மாதிரி விழுந்தது.

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லுவியா?"

"நீங்க சொல்லணும்ணா."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? லைன்ல இருந்து எடுத்து நாற்காலில ஒக்கார வெச்சிருவான். ஜேபிதான்னு ஒருத்தன் இருந்தானான்னு கேப்பாங்க." எழுந்து போய்விட்டார்.

ஒன்பது நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடும் இல்லை. நான் செய்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் எத்தனை நாள் பொறுப்பது, அவர் சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியதுதானா என்ற யோசனையும் ஓடியது. பத்தாம் நாள் காலை என் மேசைமுன் வந்து நின்றார். முதல் நாள் போலவே கையில் ஒரு காகிதம்.

"பாஸ் இல்ல" என்றார். "படிச்சு பாரு. இங்கிலீஷ்ல தப்பிருந்தா திருத்து."

தனக்குச் சிறப்பு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று அவரே எழுதியிருந்தார். நான் நிமிர்ந்தேன்.

"நேத்து ரமேஷ்பாபுவோட சேர்ந்து வண்டி பாத்துட்டிருந்தேன்" என்றார். ரமேஷ்பாபு அவருடைய ஜோடி, அவரைவிட இளையவர். "அவன் ரெண்டு பெட்டி தள்ளி நிக்கறான். 'ஜேபிதா, உங்க பக்கத்துலயே உஸ்ஸுங்குதே, கேக்கல?'ன்னான். 'கேக்குது, கேக்குது'ன்னேன். கைய நீட்டி இணைப்புகிட்ட வெச்சேன். உள்ளங்கைல காத்து அடிக்குது தம்பி. நல்லா அடிக்குது. சத்தம் இல்ல."

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"காது போனதுக்கு கூட பயப்படல. 'கேக்குது'ன்னு வாயில தானா வந்துச்சு பாரு, அதுக்குத்தான் பயந்துட்டேன். எத்தன நாளா அப்படி சொல்லிட்டிருக்கேனோ. ரமேஷ்பாபு இல்லாத அன்னிக்கு எத்தன வண்டி விட்டேனோ."

ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். அன்றே மேலதிகாரிக்குப் போயிற்று, அன்று மாலையே அவர் லைனுக்குப் போவது நின்றது.

ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அவரோடு நானும் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்கும்போது விரலைத் தூக்கச் சொன்னார்கள். தொடக்கத்தில் வேகமாகத் தூக்கினார். போகப்போக விரல் மடியிலேயே இருந்தது. சுத்தியல் சத்தத்தில் வேலை செய்ததுண்டா என்று கேட்டபடி டாக்டர் கொடுத்த தாளில் ஒரு கோடு இடமிருந்து வலமாக இறங்கியது. ஜெயபிரகாஷ் தாளைப் பின்பக்கமாகப் புரட்டி, கோடு ஏறுவதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நீ போட்ட அதே படம்தான். பி.எஸ்சி. ஃபிசிக்ஸ் பரவால்ல" என்றார்.

இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள். வீட்டில் அதை மாட்டிக்கொண்டு நின்றபோது அண்ணி விடவில்லை.

"மெஷினுக்கு காது இருக்கான்னு கேட்டீங்களே, இப்ப காதுக்கே மெஷின்!"

"மெல்ல பேசுடி" என்றார் ஜெயபிரகாஷ். "கேக்குது."

ஸ்னேகா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வங்காளி மாசிமா, ஸ்னேகாவுக்குப் பெரியம்மா மாதிரி, எட்டிப் பார்த்தார்.

மாற்று வேலை முடிவாக ஐந்து மாதம் ஆனது. இப்போது ஜெயபிரகாஷ் அதே சாந்த்ராகாச்சி யார்டில், கருவி அறையில் இருக்கிறார். சம்பளம் குறையவில்லை. காலை எட்டு மணிக்கு ஸ்பேனர்களையும் குழாய்களையும் எண்ணிக் கொடுத்து, மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வாங்கி வைக்கிறார். வண்டி உள்ளே வரும்போது மட்டும் வாசலுக்கு வந்து நிற்பார். தட்டைச் சக்கரம் எது என்று இன்றும் சொல்கிறார், யாரும் எழுதிக்கொள்வதில்லை. ரமேஷ்பாபு மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து தலையாட்டுவார். பாட்டுக்கு இரண்டு பென்டிரைவ் வைத்திருக்கிறார். ஒன்று மென்பொருள் அளந்து சமன் செய்தது, பெஹாலா ஹாலுக்கு. இன்னொன்றில் பெண் குரலுக்கு ஆறு படி ஏற்றியது அப்படியே இருக்கிறது. மெஷின்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதை ஹெட்ஃபோனில் அவர் மட்டும் கேட்கிறார்.