செவிடர் வாய் திறந்த நாள்

மந்திரிக்குக் கார் ஓட்டுகிறவருக்கு முதல் தகுதி காது கேட்காதிருப்பது. நம்மவருக்கு இருந்தது பாம்புச் செவி. ஆனாலும் பின் சீட்டில் யார் தலை உருண்டாலும் அவர் பார்வை சாலையைவிட்டு நகராது. கார் கொட்டகையில் அவருக்குச் ‘செவிடர்’ என்றே பெயர். ஆட்சிகள் வந்தன, போயின. செவிடர் ஸ்டியரிங்கிலேயே இருந்தார்.

இந்த முறை வாய்த்தவர் சுகாதார மந்திரி. ஆட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. முதல்வர் நாற்காலிக்கு மூன்று கால்தான். நாலாவது பக்கத்தை மந்திரியின் குட்டிக் கட்சி தாங்கிப் பிடித்திருந்தது. தாங்குகிறவருக்குக் கை வலிக்காதா? அந்த வலிக்கு மருந்துதான் சுகாதாரத் துறை.

செவிடரின் மனைவி அரசு நர்ஸ், மாநிலத்தின் தெற்கு எல்லையில். மகளும் அங்கேதான். போன தடவை இவர் போய்க் கதவைத் தட்டியபோது, “அம்மா, யாரோ வந்திருக்காங்க” என்று குழந்தை உள்ளே ஓடிவிட்டது. அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியை இங்கே மாற்றித்தரும்படி மந்திரியிடம் கேட்டிருந்தார். “அடுத்த வாரம் போட்டுடலாம்பா” என்பார் மந்திரி. அந்த ஆட்சிக்கு அடுத்த வாரம் என்று ஒன்று உண்டா என்பதை யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் காரில் மந்திரி போனில் பேசினார்: “நாளைக்கு ஓட்டெடுப்புல காலை வாரிடுறோம். உங்க ஆட்சியிலயும் எனக்கு இதே துறைதானே? பேச்சு மாறக் கூடாது.”

சிக்னலில் கார் நின்றது. செவிடரின் வாய் திறந்தது.

“ஐயா… கவுக்கறதுக்கு முன்னாடி, என் வீட்டுக்காரி டிரான்ஸ்பர்ல மட்டும் ஒரு கையெழுத்து…”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. மந்திரி சிரித்தார்.

“அட, உனக்குக் காது கேக்குமா? இத்தனை நாள் தெரியாமப் போச்சே! போனைக் குடு இப்படி.”

ஓட்டெடுப்பு முடியும்வரை செவிடரை மந்திரி வீட்டு மாடியறையில் பூட்டிவைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கு மட்டுமே இருந்துவந்த மரியாதை டிரைவர்வரை இறங்கியதை ஜனநாயகத்தின் வளர்ச்சி என்றுதான் கொள்ளவேண்டும்.

ஆட்சி கவிழ்ந்தது. புதிய ஆட்சியில் அதே மந்திரி, அதே துறை, அதே கார். டிரைவர் மட்டும் வேறு.

மனைவி போன் செய்தாள்.

“உங்க மந்திரியே மறுபடி வந்துட்டாராமே! டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்பாடா! எப்ப கிளம்பணும் நான்?”

“உனக்கில்ல, எனக்கு. வடக்கு எல்லைக்கு.”

“ஏங்க, அப்படி என்னதான் செஞ்சு தொலைச்சீங்க?”

“உனக்காக ஒரு வார்த்தை பேசினேன்” என்றார் அவர்.