மஞ்சள் தண்ணீரில் ஒரு ஞானஸ்நானம்

ரப்பர் கொட்டை வெடிக்கிற மாதங்களில் பகலில் படுத்தால் எனக்குத் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கிடப்பேன். அப்போது பாலோ ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து லயம், அந்தக் கூலி வீட்டு வரிசை, தானாக வந்து முன்னால் நிற்கும். பனி விலகாத காலை, மரங்களுக்கு நடுவே பச்சையாகக் கசிகிற வெளிச்சம், ரப்பர் ஷீட் காய்கிற புகைவீட்டு வாசனை. எங்கேயோ ஒரு கொட்டை பட்டென்று வெடிக்கும். நான் மறுபடியும் அந்தப் பலகைக் கட்டிலில் படுத்திருப்பேன், இருபது வயசுக்காரியாக.

அந்தத் தோட்டத்தில் நாங்கள் வேதக்காரர்கள் நாலைந்து குடும்பம்தான். மற்றவர்களெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வெள்ளைக்காரச் சாமியார் எப்போதாவது ரயிலேறி பாலோவில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து வந்து பூசை வைப்பார். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் எங்களுக்கு ஜெபம் சொல்லுவார். வார நாட்களில் அவருக்கு ரப்பர் பால் நிறுக்கிற வேலை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்த மனிதர். கடவுளுக்குப் பயந்தாரா சாமியாருக்குப் பயந்தாரா என்பதுதான் எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். உறவுக்காரி இல்லை. கப்பலில் வந்த வழியில் பழக்கமாகி, அப்படியே அக்காவாகிவிட்டாள். எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். விளக்கு வைத்ததும் நான் இந்தப் பக்கம் ஜெபமாலை சொல்ல, அவள் அந்தப் பக்கம் அம்மன் படத்துக்குச் சூடம் காட்டுவாள். என் ஜெபம் அவளுக்கு மனப்பாடம். நான் ஒரு வரியை விழுங்கிவிட்டால் தட்டிக்கு அப்பாலிருந்து, "என்ன புள்ள, சாமிய ஏமாத்துறியா?" என்று சிரிப்பாள்.

என் முதல் பிள்ளை மாதம் நிறையாமல் வந்தது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு எல்லோரும் பால் வெட்டப் போயிருந்தார்கள், என் வீட்டுக்காரரும்தான். கால் புண்ணோடு வீட்டில் கிடந்த அக்கா மட்டும் என் சத்தம் கேட்டு நொண்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவள்தான் பிள்ளையை எடுத்தாள். பெண் குழந்தை. அழவில்லை, பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு ரத்தம் நிற்காமல் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கூரை மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது.

ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை கடவுள் முகத்தைப் பார்க்காது என்று அந்தக் காலத்தில் எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதற்கு நரகமும் இல்லை, மோட்சமும் இல்லை, நடுவில் ஏதோ ஓர் இடமாம். உயிர் போகிற அவசரம் என்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி வார்த்தையைச் சொல்லலாம், வேதத்தில் சேராதவர்கள்கூடச் செய்யலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

"அக்கா, தண்ணி எடு. புள்ள தலையில ஊத்து. நான் சொல்றதச் சொல்லு," என்றேன்.

அவள் பானையில் மொண்டாள். கொண்டுவந்து கட்டிலருகில் நின்றவள், "இரு," என்று திரும்பிப் போனாள். அடுப்படியில் ஏதோ உருட்டினாள். வந்தபோது கிண்ணத்துத் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. "பாத்திரம் கழுவுற மாதிரி வெறுந்தண்ணியா ஊத்துறது? சாமி காரியம் புள்ள," என்றாள். எனக்கு வேண்டாமென்று தோன்றவே இல்லை. அந்த மயக்கத்தில் அந்த நிறம் அழகாகக்கூட இருந்தது. நான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று அவள் பிசகாமல் சொல்லி ஊற்றினாள். ஈரம் மின்னுகிற ஒரு சின்ன நெற்றியைப் பார்த்தேன். பிறகு எனக்கு நினைவில்லை. கண் விழித்தபோது உச்சி வெயில். பிள்ளை அக்காவின் மடியில்தான் செத்திருந்தது. வேலையிலிருந்து திரும்பியவர்கள் துணியில் சுற்றிவைத்திருந்தார்கள்.

உபதேசியார் வந்தார். ஞானஸ்நானம் ஆயிற்று என்றதும், என்ன தண்ணீர் என்று கேட்டார். அக்கா உள்ளதைச் சொன்னாள். அவர் முகம் மாறிவிட்டது.

"தண்ணியில ஒன்னும் கலக்கக் கூடாதும்மா. அது அவங்க கோயில் தண்ணி மாதிரி ஆயிடுச்சு. ஞானஸ்நானம் செல்லுமான்னு எனக்குத் தெரியல. மந்திரிச்ச மண்ணுல வைக்க நான் எப்படிச் சம்மதிக்கிறது?"

மந்திரித்த மண் என்பது தோட்டத்து ஓரத்தில் கம்பி கட்டிய எங்கள் கல்லறை. என் பிள்ளையைக் கம்பிக்கு வெளியே, லாலாங் புல்லுக்குள் வைத்தார்கள். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை. படுத்தபடியே உபதேசியாரை வாய்க்கு வந்தபடி பேசினேன். "உம்ம புள்ளையா இருந்தா இப்படிச் செய்வீரா?" என்று கத்தினேன். அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு இரக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு சாமியார் வருகிறவரைக்கும் நான் நடமாடினேனே தவிர, இந்த உலகத்தில் இல்லை. பால் வாளியோடு மரத்துக்கு மரம் போவேன். பனிக்குள்ளே எந்த மரத்துக்குப் பின்னாலோ அந்த முனகல் கேட்கும். எங்கே இருக்கிறாய், எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே மரப்பட்டையில் கத்தியால் கோடு போடுவேன். கங்காணி கூப்பிட்டது காதில் விழாது. ஆனால் அதைவிடக் கொடுமை, அக்கா வருவதை நிறுத்திவிட்டாள். தட்டிக்கு அப்பால் சூட வாசனை வரும், பேச்சு வராது. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "என் கையே விளங்காத கை புள்ள. உன் புள்ளைக்கு வழிய நானே அடைச்சிட்டேன்," என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாமியார் வந்தார். ஷீட் கொட்டகையில் பூசை முடிந்ததும் உபதேசியாரே முதலில் போய் நடந்ததைச் சொன்னார். அதை மறைக்காமல் சொன்னதற்காக அவரை நான் பாதி மன்னித்தேன். சாமியார் தமிழ்நாட்டில் படித்த தமிழ் பேசுவார், சுவரொட்டி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

"அந்த அம்மாளை அழைத்து வாரும்," என்றார்.

அக்கா வந்து ஓரமாக நின்றாள்.

"அன்று செய்தது போலவே இப்போதும் செய்து காட்டும், அம்மா."

அவள் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள். விரல் நுனியில் மஞ்சள் தொட்டுக் கலக்கினாள். சாமியார் கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், பிறகு மடக்கென்று குடித்துவிட்டார். தாடியில் வழிந்ததைக் கையால் துடைத்தார்.

"தண்ணீர்தான்," என்றார் உபதேசியாரிடம். "இதை யாரைக் கேட்டாலும் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். வார்த்தை சரி. அம்மாளின் கருத்தும் சரி. குழந்தை ஞானஸ்நானம் பெற்றது."

லாலாங் புல்லுக்குள் நின்று அவர் அந்த மண்ணை மந்திரித்தார். தீர்த்தம் தெளித்தபோது நான் விக்கி விக்கி அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உபதேசியார் தானே ஒரு மரச்சிலுவை செய்து நட்டார்.

எல்லோரும் திரும்பினோம். அக்கா மட்டும் நகரவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமி, ஒன்னு கேக்கலாமா?"

"கேளும், அம்மா."

"அப்ப புள்ள மோட்சத்துலதான் இருக்கு?"

"சந்தேகமே வேண்டாம்."

"நான் செத்தா அங்க போயி அதப் பாக்க விடுவாங்களா? நான் வேதத்துல சேர மாட்டேன் சாமி. எங்க ஆத்தாள விட்டுட்டு வர முடியாது. ஆனா புள்ளையப் பாக்கணும்னு இருக்கு."

உபதேசியார், "அது எப்படி..." என்று வாயெடுத்தார். சாமியார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தொப்பியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"வருவக்கா," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நீ வராம எப்படி? நான் அதோட முகத்தச் சரியாப் பாக்கவே இல்ல. அது உன் மடியிலதான் கெடந்துச்சு. அங்க அத்தன புள்ளைங்களுக்குள்ள எது என் புள்ளன்னு நீதானே எனக்குக் காட்டணும்."

உபதேசியார் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னது தப்பு என்று அவர் சொல்லவில்லை.